சட்டைப் பையில் ஒரு பைனாகுலர்

செஞ்சிக் கடைவீதியில் எங்களுக்குப் பாத்திரக்கடை. எடையை வைத்தே சரக்கின் தரத்தைச் சொல்லிவிடுகிற குடும்பம் எங்களுடையது. ஒரு குண்டானைக் கையில் தூக்கி, லேசாக ஒரு குலுக்குக் குலுக்கி, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். தகடு எவ்வளவு கனம், எத்தனை வருஷம் உழைக்கும் என்று தெரிந்துவிடும். கனமாக இருந்தால் நல்ல சரக்கு. தூக்கும்போதே காற்றாட்டம் வந்தால் அதைத் திருப்பி வைத்துவிட வேண்டியதுதான். இந்த ஒரு ஞானத்தை மட்டும் வைத்துக்கொண்டு நான் பைனாகுலர் வாங்கக் கிளம்பினேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பாத்திரக்கடைக்காரனுக்குப் பைனாகுலர் எதற்கு என்று கேட்பீர்கள். சித்திரை மாதம் ராஜகிரி மலையில் அம்மன் திருவிழா நடக்கும். அன்றைக்கு எங்கள் கடையிலிருந்து ஒரு புதுப் பித்தளைக் குடத்தில் பானகம் கரைத்து மலைமேல் கொண்டுபோவது தாத்தா காலத்து வழக்கம். அம்மனுக்குப் படைத்துவிட்டு, வெயிலில் ஏறி வருகிற ஜனங்களுக்கு ஊற்றிக் கொடுக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைத்துக் குடத்தைத் தூக்கக் கூடாது. குடும்பத்து ஆள்தான் தோளில் வைத்துக்கொண்டு ஏற வேண்டும். அப்பாவுக்குப் பிறகு அது என் வேலையாக இருந்தது. பானகம் தீர்ந்ததும் வெறும் குடத்தைக் கோயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு நான் மட்டும் உச்சி வரைக்கும் போவேன். அங்கே கொஞ்ச நேரம் காற்று வாங்கிவிட்டுத்தான் இறங்குவேன்.

போன ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை கடை ஷட்டரைத் தூக்கும்போது, நெஞ்சின் மேல் யாரோ முழங்காலை வைத்து அழுத்தியது போல இருந்தது. பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்து வந்தேன். வீட்டுப் படி ஏறலாம், அதுவும் மெதுவாக, மலையை இந்த வருஷம் மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். மறந்துவிடுங்கள் என்று சொல்ல அவருக்கென்ன, அவர் கடலோரத்தில் இருக்கிறவர். மூன்று மலை சூழ்ந்த செஞ்சியில் மலைக்கு முதுகு காட்டி உட்கார்வது லேசான காரியமில்லை. ஒன்றுக்கு முதுகைக் காட்டினால் இன்னொன்று முகத்துக்கு நேரே வந்து நிற்கும். நான் கல்லாவில் நாற்காலியை எப்படியெப்படியோ திருப்பிப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் டிபன் பாக்ஸ்களைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அதிலும் மலையின் நிழல் தெரிந்தது.

பங்குனி பிறந்ததும் குடத்துக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. எங்களுக்கு ஒரே மகள். சென்னையில் இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி. அவளைக் கூப்பிட முடியாது. இந்த வருஷம் விட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

“நான் தூக்கினு போறேன்.”

எனக்குச் சிரிப்புதான் வந்தது. உயரம் என்றாலே அவளுக்குத் தலை சுற்றும். பரணில் இருக்கிற அண்டாவை எடுக்க ஸ்டூல் மேல் ஏறினால், யாராவது ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அந்த மலையில் அவள் கால் வைத்ததில்லை. ராஜகிரிப் படிகளோ சும்மா இல்லை. சில இடங்களில் ஒரு பக்கம் பாறை இருக்கும், மறுபக்கம் ஒன்றுமே இருக்காது. திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் இடித்தால் இன்னொருவர் தடுமாறுவார். தோளில் குடத்தோடு நடுவழியில் இவளுக்குத் தலை சுற்றினால் என்ன ஆகும்? நான் கூடப் போய்ப் பிடித்துக்கொள்ளவும் முடியாது. இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன், கத்தியும் சொன்னேன். நெஞ்சு வலிக்காரன் கத்தக் கூடாது என்று சொல்லிவிட்டு அவள் அரிசியை உலையில் போட்டாள். பேச்சு முடிந்தது.

அப்போதுதான் இந்த யோசனை வந்தது. கூடப் போகத்தான் முடியாது, பார்க்கவாவது செய்யலாமே. எங்கள் வீடு ஊரின் மேற்குக் கோடியில் இருக்கிறது. மொட்டை மாடியில் நின்றால் ராஜகிரி முழுசாகத் தெரியும். ஆனால் படியில் போகிறவர்கள் வெறும் புள்ளிகள். புள்ளியில் எது என் வீட்டுக்காரி என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல பைனாகுலர் வேண்டும்.

மகளிடம் சொன்னேன். அவள் வரிசையாக லிங்க் அனுப்பினாள். எல்லாம் ஏதோ வெளிதேசத்து ஆட்கள் எழுதியவை. மான் வேட்டைக்கு எது நல்லது, வாத்து வேட்டைக்கு எது நல்லது, பனியில் படுத்துக்கொண்டு காட்டுப் பன்றிக்குக் காத்திருக்கும்போது எதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று விலாவாரியாக எழுதியிருந்தார்கள். நான் மதிய நேரத்தில் கல்லாவில் உட்கார்ந்து அத்தனையையும் படித்தேன். எங்கள் ஊரில் வேட்டையாட மிச்சம் இருப்பது கொசு ஒன்றுதான். பையில் அடங்குகிற சின்னதை வாங்குங்கள், கழுத்தை அறுக்கிற பெரியதை வீட்டில்தான் விட்டுவிட்டுப் போவீர்கள் என்று அவர்களில் பாதிப் பேர் தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்கவில்லை. எது அதிக எடை என்று பார்த்தேன். எதற்கு இருபது மடங்கு என்று போட்டிருக்கிறது என்று பார்த்தேன். எடையும் அதிகம், நம்பரும் அதிகம். இதைவிட நல்ல சரக்கு எங்கே கிடைக்கும் என்று ஆர்டர் போட்டுவிட்டேன்.

பார்சல் வந்தது. தூக்கியதும் மனசு நிறைந்துவிட்டது. இரண்டு படி அரிசி கனம் இருந்தது. பக்கத்து மளிகைக்கடைக்காரரிடம் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். அவரும் தூக்கிப் பார்த்துவிட்டு நல்ல சரக்கு என்றுதான் சொன்னார். கடைவீதிக்காரர்களுக்கு வேறு என்ன தெரியும்.

சாயந்திரம் மாடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். கண்ணில் வைத்ததும் மலை என் மேல் பாய்ந்தது. ஒரு இடத்தில் நிற்கவில்லை. மதில் சுவர் வந்தது, போயிற்று, வானம் வந்தது, மறுபடி பாறை வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கைகளை விலாவில் அழுத்தி வைத்தேன். ஆட்டம் கொஞ்சம் குறைந்தது. அப்போதுதான் அதைப் பார்த்தேன். பாறை துடித்துக்கொண்டிருந்தது. ஒரே சீராக, விடாமல், திக் திக் என்று எகிறிக்கொண்டிருந்தது. என்னவென்று விளங்கச் சிறிது நேரம் ஆயிற்று. அது என் நெஞ்சு. கை வழியாக வந்து அந்தப் பெரிய மலையை ஆட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் திரையில் ஓடிய கோட்டைப் பார்த்தபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை. கீழே இறங்கி வந்து அதைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

மனைவி துருவித் துருவிக் கேட்டாள். கடைசியில் சொன்னேன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன். கண்ணில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“எனக்கும்தான் குதிக்குது. நான் இன்னா ஆஸ்பத்திரிக்கா போய்ட்டு வந்தேன்?” என்றாள். “சாமான் சரியில்லங்க. திருப்பி அனுப்புங்க.”

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. அதே சமயம் கோபமும் வந்தது. நான் பயந்ததை அவள் அவ்வளவு சுளுவாக முடித்துவிட்டாளே என்ற கோபம்.

அடுத்த செக்கப்புக்குப் பாண்டிச்சேரி போனபோது கேமரா விற்கிற ஒரு கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் வேட்டைக்கா, டூருக்கா, கிரிக்கெட் பார்க்கவா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மனைவி, மலை ஏறுகிறவர்களைப் பார்க்க வேண்டும், இவருக்குக் கை ஆடும் என்று சொல்லிவிட்டாள். எனக்கு மானம் போயிற்று. அவர் ஒரு குட்டிச் சாமானை எடுத்து வைத்தார். மடக்கினால் சோப்பு டப்பா அளவுதான். சட்டைப் பையில் போட்டால் பேனாவுக்கும் இடம் இருக்கும். எட்டுக்கு இருபத்தைந்து என்று அதன் மேல் எழுதியிருந்தது. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடி இருபத்தைந்து மில்லிமீட்டர் என்று விளக்கினார். மடங்கு குறைந்தால் ஆட்டமும் குறையும், பார்க்கிற பரப்பும் கூடும். விடியலிலும் அந்தியிலும் மிருகத்துக்குக் காத்திருக்கிறவர்களுக்கு இன்னும் பெரிய கண்ணாடி வேண்டும், பட்டப்பகலில் பார்க்க இது தாராளம் என்றார். என்னைப் போல மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் அந்த ரப்பர் வளையத்தை மடக்கிவிட்டுப் பார்க்க வேண்டுமாம்.

நான் கையில் வாங்கினேன். ஒன்றும் இல்லாதது போல இருந்தது. குலுக்கினேன். விரல் முட்டியால் தட்டக்கூடத் தட்டினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எங்கள் தொழிலில் இன்னொரு வழக்கம் உண்டு. எந்தப் பாத்திரத்தையும் கடைக்குள் இருக்கிற லைட்டில் பார்த்து வாங்கக் கூடாது. வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும், பொத்தல் இருந்தால் அங்கேதான் தெரியும். அந்தப் புத்தியில் இதையும் வாசலுக்கு எடுத்துப்போனேன். முதலில் இரண்டு வட்டம் தெரிந்தது. நடுவில் மடக்கி என் கண்களின் இடைவெளிக்குக் கொண்டுவந்ததும் இரண்டும் ஒன்றாயின. சக்கரத்தைத் திருகினேன். எதிர்ச்சாரியில் கரண்ட் கம்பத்தின் மேல் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது.

அது ஆடவில்லை. நிதானமாக உட்கார்ந்திருந்தது. கழுத்தின் சாம்பல் நிறம் கறுப்போடு எங்கே கலக்கிறது என்று தெரிந்தது. முதுகுக் கறுப்பில் ஊதாவும் பச்சையும் ஓடின. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. அதன் கண்ணுக்குள் ஒரு மெல்லிய வெள்ளைத் திரை பக்கவாட்டில் வந்து போயிற்று. அறுபதை நெருங்கிவிட்டேன், தினம் தினம் காக்காய்க்குச் சோறு வைக்கிற வீட்டில் பிறந்தவன், அன்றுதான் முதல் முதலாகக் காக்காயைப் பார்த்தேன். வாங்கலாமா என்று மனைவி கேட்டாள். நான் கண்ணிலிருந்து எடுக்காமலேயே தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு காலையில் காபி மாடியில்தான். நாற்காலியை மலைக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அத்தனை வருஷம் ஏறி இறங்கிய மலை அது. ஏறுகிறவன் படியைப் பார்ப்பான், முன்னால் போகிறவனின் குதிகாலைப் பார்ப்பான், மலையை எங்கே பார்க்கிறான்? கற்களை எப்படி அடுக்கிச் சுவரைச் செங்குத்துப் பாறையின் விளிம்பு வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று இப்போதுதான் பார்த்தேன். ஒரு ஆள் நிற்கவே இடமில்லாத இடத்தில் நின்றுகொண்டு யாரோ ஒருவன் கல்லை ஏற்றி வைத்திருக்கிறான். குரங்குகள் அதன் மேல் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு நாள் பாறை இடுக்கிலிருந்து ஒரு ராஜாளி விழுந்தது. விழுந்தது என்றுதான் நினைத்தேன். இறக்கையை ஒடுக்கிக்கொண்டு கல் போல இறங்கி, கீழே பறந்துபோன மாடப்புறாவை அடித்துக்கொண்டு மேலே போயிற்று. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். வேட்டைக்கு என்று எழுதியிருந்தது சரிதான், எங்கள் ஊரிலும் வேட்டை நடக்கிறது என்று மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். காபி ஆறிவிட்டது என்றாள்.

படி போகிற வழியையும் மனப்பாடம் பண்ணினேன். எங்கே வெளியே தெரியும், எங்கே மரத்துக்குள் மறையும், கோயில் எங்கே என்று பார்த்து வைத்தேன். கோயிலைத் தாண்டி உச்சிக்குக் கிட்டே ஒரு பெரும்பாறை இருக்கிறது. வழி அதற்குப் பின்னால் வடக்கே திரும்பிவிடும். அங்கே பிளவு ஒன்று, அதன் மேல் ஒரு சின்னப் பாலம். எங்கள் மாடியிலிருந்து அது தெரியாது. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அவள் கோயிலோடு திரும்பிவிடுவாள்.

திருவிழா அன்று காலையில் கிளம்பினாள். அரக்கு நிறப் புடவை, தூரத்திலிருந்து தெரிவதற்காக நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மளிகைக்கடைக்காரரின் மனைவி துணைக்கு வந்தார். போனை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நடுவழியில் நீங்கள் கூப்பிட்டுக் கத்தினால் எனக்குக் கால் தடுக்கும் என்று டி.வி. மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மேல் முழங்கைகளை ஊன்றிக்கொண்டு நின்றேன். அடிவாரத்துக் கூட்டத்தில் முதலில் கிடைக்கவில்லை. பிறகு வெயிலில் குடம் பளிச்சென்று அடித்தது. அதன் கீழே அரக்குப் புடவை. முகம் தெரியாது, அவ்வளவு தூரம். ஆனால் நடை தெரிந்தது. வெளிப்பக்கம் பார்க்காமல் பாறைப் பக்கமாகவே ஒட்டி, ஒரு கையால் கல்லைத் தொட்டுத் தொட்டு ஏறினாள். ஒரு பக்கம் ஒன்றுமில்லாத இடம் வந்தது. நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். திரும்பிடு, போதும் திரும்பிடு என்று வாய்விட்டே சொன்னேன். அவள் குடத்தை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள். அடுத்த படியில் கால் வைத்தாள்.

கோயில் வாசலில் அவள் குனிந்து குனிந்து பானகம் ஊற்றுவது தெரிந்தது. கூட்டம் அவளைச் சுற்றி நின்று கை நீட்டியது. நான் அழுதுவிட்டேன். கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாமல் போயிற்று, துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். முடிந்தது, இனி இறங்கிவிடுவாள் என்று இருந்தேன். அவள் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். துணைக்குப் போனவர் நிழலில் உட்கார்ந்துவிட்டார். இவள் மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கினாள்.

எனக்குப் புரியவே இல்லை. மேலே எதற்கு? யாரைக் கேட்டுக்கொண்டு? போனை எடுத்தேன், கீழே டி.வி. மேல் அவள் போன் அடித்தது. மரங்கள் இல்லாத மொட்டைப் பாறையில் அரக்கு நிறம் மெதுவாக மேலே போயிற்று. பெரும்பாறை வரைக்கும் போயிற்று. பின்னால் திரும்பி மறைந்துவிட்டது.

கண்ணை எடுத்தால் தவறவிட்டுவிடுவேன் என்று எடுக்கவில்லை. எட்டு மடங்கு என்ன, எண்பது மடங்கு இருந்தாலும் பாறைக்குப் பின்னால் பார்க்க முடியாது. அந்தப் பாலத்தில் நின்று கீழே குனிந்து பார்க்க எனக்கே தைரியம் வராது. இவள் ஸ்டூல் மேல் நிற்க முடியாதவள். ஒருவன் மறைந்து, ஒருவன் வெளியே வந்தான். ஒரு குடும்பமே மறைந்து வெளியே வந்தது. இவள் வரவில்லை. கையில் அந்தச் சின்னப் பைனாகுலரும் துடிக்க ஆரம்பித்தது, துடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு உச்சியில், வானம் தொடங்குகிற இடத்தில், ஒரு அரக்கு நிறம் எழுந்து நின்றது.

காற்றில் புடவைத் தலைப்பு ஒரு பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. அவளுக்குக் கீழே அத்தனை பெரிய பாறை, சுவர், காடு. மேலே ஒன்றுமே இல்லை, வெறும் வானம். அவள் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. நான் அந்த மலையின் எத்தனையோ அழகைப் பார்த்துவிட்டேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கும்பிடத் தோன்றியது. அம்மனையா, அவளையா என்று கேட்டால் இப்போதும் எனக்குப் பதில் தெரியாது.

மதியம் வீடு திரும்பினாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. நான் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தேன். மேலே எதற்குப் போனாய் என்று திட்டத் தயாராக இருந்தேன். தண்ணீரைக் குடித்துவிட்டு அவளே கேட்டாள்.

“அந்தப் பாறைக்குப் பின்னாடி போனப்ப பயந்துட்டீங்களா?”

அவளுக்கு எப்படித் தெரியும் என்று விழித்தேன். அங்கே போனால் வீட்டிலிருந்து தெரியாது என்பதை நான் அவளிடம் சொன்னதே இல்லை.

“நீங்க குடம் தூக்கினு போன நாள்லேர்ந்து வருஷா வருஷம் மாடியில நின்னு பாத்துனுதான் இருப்பேன்,” என்றாள். “எல்லாம் புள்ளி புள்ளியாத்தான் தெரியும். ஆனா நீங்க கொஞ்ச தூரம் ஏறி இடுப்புல கை வச்சி நிப்பீங்க, அதை வச்சி கண்டுபுடிச்சுடுவேன். கோயில் வரிக்கும் பயமில்ல. அந்தப் பாறைக்குப் பின்னாடி போயி மறுபடி வெளிய வர்ற வரிக்கும்தான் எனக்கு உசுரே இருக்காது. அங்க அப்படி இன்னாதான் இருக்குதுன்னு ஒரு வாட்டி பாத்துடணும்னு போனேன்.”

காலை நீட்டி, பாதத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

“ஒரு பாலம். அவ்ளோதான்.”

சொம்பை வாங்கிக்கொண்டு போய் இன்னொரு முறை தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தேன்.